பனையேறியின் வால்

1

சென்ற வாரம் எங்கள் ஆய்வகத்தில் முதலுதவிப் பயிற்சி நடந்தது. நான் பின்லாந்தின் தம்பரே நகரில் இருக்கிறேன். ரத்த மாதிரிக் குப்பிகளின் எண்ணைச் சரிபார்த்து அடுக்குவது என் வேலை. பயிற்றுநர் ஒரு ரப்பர் பொம்மையை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். தொண்டையில் ஏதாவது அடைத்து ஒருவர் மூச்சுத் திணறியதை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். நான் மட்டும் தூக்கினேன்.

என்ன அடைத்தது என்று கேட்டார். மீன் என்றேன். அவர் தலையை ஆட்டி, "ரூஒதோ" என்றார். மீன்முள்ளுக்கு இவர்கள் சொல்லும் சொல் அது. முள் இல்லை, முழு மீன், உயிரோடு இருந்தது என்றேன். பின்னிஷ் மொழியில் எனக்கு வேற்றுமை உருபுகள் இன்னும் இடம் மாறித்தான் விழும். அதனால் நான் சொல்வதை யாரும் மறுப்பதில்லை, திருத்துகிறார்கள். அவரும் பொறுமையாகப் பலகையில் 'மீன்முள்' என்று எழுதிக் காட்டினார். உடன் வேலை செய்பவர்கள் கனிவாகச் சிரித்தார்கள். "ஆமாம், முள்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இங்கே என் பேச்சுகளில் பலவற்றை இப்படித்தான் முடித்திருக்கிறேன்.

அது முள் இல்லை. இதைச் சொன்னால் விளங்கிக்கொள்ளக் கூடியவர்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை வரிசைப்படி எழுதிவிடுகிறேன்.

2

போன ஆண்டு ஜூலையில் அண்ணன் மகன் திருமணத்துக்காகத் திருநெல்வேலி வந்திருந்தேன். நான் மட்டும்தான் வந்தேன். கணவருக்கு விடுப்பு இல்லை. மகள் இனியாவுக்குக் கோடை வேலை இருந்தது. திருமணம் முடிந்து இரண்டாம் நாள், ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என் பர்ஸ் போயிற்று. பணம் பெரிதாக இல்லை. உள்ளே, பின்லாந்தில் தங்குவதற்கான என் வதிவிட அட்டை இருந்தது.

அந்த அட்டை இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். போலீசில் எழுதிக் கொடுத்து, நகல் வாங்கி, சென்னை விசா மையத்துக்குப் போய் விரல் ரேகை வைத்து, பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். அது டெல்லிக்குப் போய், ஒருமுறை நுழைவதற்கான முத்திரையோடு சென்னைக்குத் திரும்ப வேண்டும். எப்போது என்று எவருக்கும் தெரியாது. தொலைபேசியில் ஒரு பெண் குரல் மாறாத மரியாதையுடன், விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லும்.

இதற்கிடையில் இனியா வீட்டைவிட்டுப் போவதாக இருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. பின்லாந்தில் அந்த வயதில் பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்த் தனியாகத் தங்கிப் படிப்பது சாதாரணம். அவள் தேர்ந்தெடுத்தது வடக்கே ஒரு கடலோர ஊரில், மரப்படகு கட்டும் படிப்பு. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போய் விடுதிச் சாவியை வாங்க வேண்டும். அன்றைக்கு வராதவர்களின் அறை, காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவளோடு ரயிலில் போய், அறையைப் பார்த்து, படுக்கை விரித்துக் கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அவள் கேட்கவில்லை. நான்தான் சொல்லியிருந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வயதில் அதுவே பெரிய சம்மதம்.

அண்ணன் வீட்டில் கேட்டார்கள். "என்னட்டி படிக்கப் போறா ஒம் மவ?"

"படகு கட்டுறது."

"மெரைன் இன்ஜினியரிங்கா?"

"இல்லண்ணே. படகு."

அண்ணன் கொஞ்ச நேரம் செய்தித்தாளைப் பார்த்தார். "சரி, நாம போயி அவள என்ன கேக்க முடியும்?" என்றார். மதினி, "நீயே இங்கன மாட்டிக்கிட்டு இருக்கே" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் திருமணப் பாத்திரங்கள்கூடப் பரண்மேல் போய்விட்டன, என் பெட்டி மட்டும் கூடத்தில் திறந்தபடி கிடந்தது. தெருவில் பார்க்கிறவர்கள் முதல் வாரம் "எப்ப வந்தே?" என்று கேட்டார்கள். பிறகு "எப்பப் போறே?" என்றார்கள். அதற்கும் பிறகு எதுவும் கேட்காமல், ஏதோ நடந்திருக்கிறது என்ற முகத்தோடு கடந்து போனார்கள். கணவனோடு ஏதும் பிரச்சினையா என்று மதினியிடம் இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள்.

நான் தினமும் காலையில் குளித்து, உடுத்தி, துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினேன். முத்திரை வந்த செய்தி கிடைத்தால் உடனே கிளம்ப வேண்டுமே. மாலையில் மாற்றுப் புடவைக்காக அதையே கலைத்தேன்.

3

என்னை அந்த வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனவள் எஸ்தர். கல்லூரியில் என் வகுப்பு. அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியை. அவள் கணவர் செல்லத்துரை அதே ஊரில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். குடியிருப்பது அவருடைய சொந்த ஊரில், ஒரு குளத்தங்கரைக் கிராமம். ஊரின் பெயரை எழுதக்கூடாது என்று செல்லத்துரை அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருக்கிறார். காரணம் போகப் போகத் தெரியும்.

ஸ்கூட்டரில் எஸ்தருக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். மலைப்பக்கமிருந்து சாரல் அடித்தது. குளத்தங்கரைமேலேயே தார்ச்சாலை போகிறது. ஒரு பக்கம் குளம், இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல். அது கால்வாயின் கடைசிக் குளம். ஆற்றுத் தண்ணீர் எல்லாக் குளத்தையும் நிரப்பிவிட்டு மிச்சம் இருந்தால்தான் இங்கே வரும். அப்போது வெடித்த சேறும், மடைக்குப் பக்கத்தில் ஒரு குட்டை அளவு கலங்கல் தண்ணீருமாகக் கிடந்தது.

எஸ்தர் சட்டென்று பிரேக் பிடித்தாள். எங்களுக்கு முன்னால் ஒரு பைக்கும் பால் வண்டியும் நின்றிருந்தன.

சாலையை மீன்கள் கடந்துகொண்டிருந்தன.

இதை எப்படிச் சொன்னாலும் முதலுதவிப் பயிற்றுநர் என்னைத் திருத்துவார் என்று தெரியும். உள்ளங்கை நீளத்தில், கறுத்த பச்சை நிறத்தில், ஐந்தாறு மீன்கள். செவுள் மூடியை விரித்து, அதன் ஓரத்து முள்ளைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நகர்ந்தன. ஈரத் தாரில் கரகரவென்று மெல்லிய சத்தம் வந்தது. வற்றும் குளத்தை விட்டுக் கரையேறி, அந்தப் பக்கத்து வயலின் தண்ணீருக்குப் போகின்றன.

"பனையேறிக் கெண்டை" என்றாள் எஸ்தர். "காத்தையே குடிச்சிட்டுக் கெடக்கும். சேத்துக்குள்ள போட்டு மூடுனாலும் சாவாது."

பால்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அந்த ஊரில் வழியில் போகிற பனையேறியைத் தொட மாட்டார்கள். பிடிக்கவும் மாட்டார்கள், தூக்கி அந்தப் பக்கம் விடவும் மாட்டார்கள். குளத்துக்குள் இறங்கிப் பிடித்தால் குழம்பு. சாலையில் கண்டால் வண்டியை நிறுத்த வேண்டியது. ஏன் என்று கேட்டேன். "அது பாட்டுக்குப் போவுது. நமக்கென்ன?" என்றாள். பிறகு தோளுக்கு மேலாகத் திரும்பி, "பாத்துக்கிட்டியா? ஒனக்குத்தாம்ளா கார்டு வேணும், அதுக்கு வேண்டாம்" என்றாள். பால்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மதியம் சாப்பாட்டில் அதே பனையேறி புளிக்குழம்பாக வந்தது. நாங்கள் சைவ வீடு. பின்லாந்து வந்த பிறகுதான் மீன் தின்னப் பழகினேன், அதுவும் தோலும் முள்ளும் நீக்கி, பிளாஸ்டிக் தட்டில் இளஞ்சிவப்பாக விற்கிற துண்டு. முழு மீனைக் கையால் தொட்டதே கிடையாது. இனியா அப்படி இல்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற ஏரி பனியாய் உறைந்ததும், தோழியோடு போய்த் துளை போட்டு, முக்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்து தூண்டில் போடுவாள். அவள் கொண்டுவரும் மீனை நான் இடுக்கியால் பிடித்து அவள் அப்பாவிடம் கொடுப்பேன்.

"இதக் கழுவுறதே ஒரு சண்டதான்" என்றார் செல்லத்துரை அண்ணாச்சி. விடாமல் பேசுகிற மனிதர். "செவுளுல அரம் மாரி முள்ளு. முன்னுக்குப் போவும், பின்னுக்கு வராது. குளத்துல எறங்குறப்ப ரெண்டு கையும் பத்தாம மீனப் பல்லுல கடிச்சிக்கிடுவோம்லா? கெண்டையக் கடிக்கலாம், ஜிலேபி மீனக் கடிக்கலாம். பனையேறிய மட்டும் கடிக்கப்படாது. வழுக்கி உள்ள போச்சுன்னா அம்புட்டுத்தான்."

"யாருக்காவது அப்படி நடந்திருக்கா அண்ணாச்சி?"

"மூளை இருக்கவனுக்கு நடக்காது தங்கச்சி" என்றார்.

காலையில் சாலையில் நான் எடுத்த படத்தை அன்று மாலை இனியாவுக்கு அனுப்பினேன். நான் ஊரிலிருந்து அனுப்பும் கோயில் படங்களுக்கும் கல்யாணப் படங்களுக்கும் ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வரும். இதற்கு உடனே கேள்விகள் வந்தன. எவ்வளவு நேரம் வெளியே இருக்கும்? கையில் பிடித்தபடி ஒரு படம் கிடைக்குமா? எவ்வளவு பெரிசு என்று தெரிய வேண்டும். அந்த மாதத்தில் அவள் என்னிடம் எதையாவது கேட்டது அது ஒன்றுதான்.

4

இனியா கிளம்ப வேண்டிய வாரத்தின் வியாழக்கிழமை காலை, செய்தி வந்தது. பாஸ்போர்ட் சென்னை மையத்துக்கு வந்துவிட்டது. நேரில் வந்துதான் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலோடு மையம் மூடும். அடுத்து மூன்று நாள் விடுமுறை, செவ்வாய்க்கிழமைதான் திறக்கும்.

கணக்குச் சரியாக இருந்தது. வியாழன் மாலை நெல்லையிலிருந்து ரயில். வெள்ளி காலை சென்னை, மையம். அன்று இரவே விமானம். சனிக்கிழமை தம்பரே. ஞாயிற்றுக்கிழமை இனியாவோடு ரயில். கணவர் டிக்கெட் போட்டுவிட்டார்.

நான் அப்போது எஸ்தர் வீட்டில் இருந்தேன். பெட்டியும் என்னோடுதான் இருந்தது. அண்ணன் ஜங்ஷனுக்குப் போவதற்கு ஒரு கார் அனுப்பினார். அது மதியத்துக்குப் பிறகு வந்து கரைமேல் நின்றது. விடுமுறைக் கூட்டத்தில் பஸ் எதிலும் இடம் இருக்காது, இந்தக் காரும் சென்னை வரை தாங்காது, ரயிலை விட்டால் வழி இல்லை என்று டிரைவர் வந்தவுடனேயே சொன்னான்.

அன்றைக்குத்தான் குளத்தில் ஊர் இறங்குகிற நாளும். மீன் குத்தகைக்காரர் வலையை எடுத்துக்கொண்டு போன பிறகு மிச்சம் ஊருக்கு. ஆணும் பெண்ணுமாக இடுப்பளவுச் சேற்றில் நின்று கையால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கூச்சல். செல்லத்துரை அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு வந்து இறங்கியிருந்தார். சொல்லிக்கொண்டு போகலாம் என்று நானும் எஸ்தரும் சேற்றின் விளிம்பு வரை போனோம்.

"போறியளா தங்கச்சி? நில்லுங்க. ஒங்க மவ கேட்டால்லா, கையில வச்சி ஒரு போட்டோ! வெறுங்கையோட போப்படாது" என்று கத்தினார்.

"நேரமாச்சு, விடுங்க" என்றாள் எஸ்தர். "அவளுக்கு ரயிலு."

"ரயிலு எங்க போவுது? அது தண்டவாளத்துலதான போவும்."

குனிந்து தடவினார். ஒரு மீன் சிக்கியது. அதை எடுத்த அதே நேரத்தில் காலடியில் முழங்கை நீள விரால் ஒன்று துள்ளியது. ஊரே "அண்ணாச்சி, விட்ராதிய!" என்று கத்தியது. கையில் இருந்ததைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் விராலை அமுக்கித் தூக்கினார். முகமெல்லாம் சேறு. கண் மட்டும் சிரித்தது. என் பக்கம் திரும்பி நின்றார். நான் படம் எடுத்தேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது. பல்லுக்கு நடுவில் இருப்பதும் சேறு பூசிய மீன். ஜிலேபி என்று அவர் நினைத்திருந்தார். நானும் ஏதோ ஒரு மீன் என்றே நினைத்தேன்.

படம் எடுத்து முடித்ததும் விராலை விட்டுவிட்டார். இரண்டு கையும் தொண்டைக்குப் போயின.

தடுமாறிக் கரைக்கு வந்து, என் காலடியில் மண்டியிட்டார். வாயிலிருந்து ஒரு வால் மட்டும் வெளியே துடித்தது. சேற்றிலிருந்து ஒரு பெண் "பனையேறி! பனையேறி! இழுக்காதிய! முள்ளு கிழிச்சிரும்!" என்று அலறினாள். இழுக்கக் கூடாது. ஆனால் மீன் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளேதான் போகிறது. வால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எஸ்தர் அவர் தலையைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்தது நான். புடவை முந்தானையைச் சுற்றி, அந்த வாலைப் பிடித்தேன்.

பிடித்ததும் அது நின்றது. அவர் மூக்கு வழியாக, விசில் மாதிரி, ஒரு மூச்சு இழுத்தார்.

"விட்ராதட்டி" என்றாள் எஸ்தர். "இழுக்காத. விட்ராத."

5

ஆம்புலன்ஸ் வர நேரமாகும். கரைமேல் கார் நின்றது. அதே காரில் அண்ணாச்சியை உட்கார்த்தி, நான் எதிரே அரைகுறையாகத் திரும்பி, கையை எடுக்காமல் அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தோம். அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இளம்பெண். பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார்.

"எவ்வளவு நேரமாப் பிடிச்சிருக்கிய?"

"ஊர்லேருந்து."

"அப்படியே இருங்க. கை மாத்துனா அந்த நொடியில உள்ள போயிரும். மயக்கம் குடுக்கிற டாக்டர் வாராரு. அவரு வந்து மூச்சுக்கு வழி பண்ணுற வரைக்கும் நீங்க விடப்படாது."

எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். வால் என் விரலுக்குள் இருந்தது. அது குளிர்ச்சியாகவும் இருந்தது, பலமாகவும் இருந்தது. தளர்ந்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு உந்து உந்தும். அண்ணாச்சியின் பல் என் விரல் கணுக்களில் பட்டுக்கொண்டிருந்தது. நான் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தேன்.

டிரைவர் வாசலில் வந்து நின்றான். "அக்கா, இப்பக் கெளம்புனா ரயிலப் புடிச்சிரலாம்" என்றான். பிறகு என் கையைப் பார்த்தான். காருக்குத் திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தான். இந்த முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

அண்ணாச்சிக்கு நினைவு தெளிவாக இருந்தது. கையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டி, போ, போ என்று விரலை அசைத்தார். கண்ணில் நீர் வழிந்தது.

எஸ்தர் அழுதுகொண்டேதான் இருந்தாள். ஆனாலும் சொன்னாள்: "ஒன்ன ரயிலுக்குப் போகச் சொல்லுதாரு. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் இவரு வாயத் தெறக்காமப் பேசுதாரு."

என் கைப்பையில் போன் அடித்தது. எஸ்தர் எடுத்துப் பார்த்தாள். "ஒம் மவ" என்று என் காதில் வைத்தாள்.

"அம்மா, ட்ரெயின் ஏறிட்டியா?"

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். ஒருவர் தொண்டையில் பனையேறி சிக்கியிருக்கிறது, அதன் வாலை நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் திருத்தவில்லை. முள்ளா என்று கேட்கவில்லை. "உயிரோட இருக்கா?" என்றாள். மீனையா ஆளையா என்று கேட்டேன். "ரெண்டும்" என்றாள். ரெண்டும் இருக்கு என்றேன்.

அவளுக்குக் கணக்கு வரும். வியாழன் ரயில் தப்பினால் வெள்ளியும் தப்பும், அப்புறம் செவ்வாய்தான்.

"நான் வேணும்னா ஞாயித்துக்கிழமை போகாம இருக்கேன், அம்மா" என்றாள். "நீ வந்தப்புறம் போறேன்."

போகாவிட்டால் அறை போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும். ஊருக்கு வெளியே எங்கேயோ இடம் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். சரி, இரு என்று நான் சொன்னால் இருப்பாள். இருக்கேன் என்ற அவளுடைய அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஒரு மாதமாகப் பெட்டியை அடுக்கி அடுக்கி வைத்திருந்தேன்.

மீன் ஒரு முறை உந்தியது.

"வேண்டாம்" என்றேன். "ஞாயித்துக்கிழமையே கெளம்பு. அப்பா வரட்டும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். போ."

அவள் மூச்சு விட்டது கேட்டது. வருத்தமா நிம்மதியா என்று எனக்குத் தெரியாது. அன்றைய நாட்குறிப்பில் நிம்மதி என்று எழுதியிருக்கிறேன். அவள் ஞாயிற்றுக்கிழமை போனாள். படுக்கையை அவளே விரித்துக்கொண்டாள் என்று கணவர் சொன்னார். நான் புதன்கிழமைதான் வந்து சேர்ந்தேன்.

6

மயக்க மருந்து டாக்டர் வந்தார். கட்டிலோடு சேர்த்து என்னையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கும் பச்சைத் துணி போர்த்தி, தொப்பி மாட்டினார்கள். அண்ணாச்சி தூங்கிப்போனார். கழுத்தில் மூச்சுக்கு வழி செய்தார்கள். பிறகு அந்த இளம் டாக்டர் நீளமான கத்தரியை உள்ளே விட்டு, என் விரல்களுக்கு மேலாகக் குனிந்து, செவுள் மூடியின் முள்ளை ஒரு பக்கம் நறுக்கினார், மறுபக்கம் நறுக்கினார். "பைய, பைய" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதன் பிறகு என் கையோடு சேர்த்து மீனைப் பின்னால் எடுத்தார். அது வந்துவிட்டது.

சின்ன மீன். தட்டில் வைக்கலாம் என்று நர்ஸ் எஃகுத் தட்டை நீட்டினாள்.

"முடிஞ்சுதும்மா. ஆளுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "இனி விட்டுரலாம். விடுங்க."

விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தட்டில் ஒன்றும் விழவில்லை. குனிந்து பார்த்தேன். விரல்கள் மூடியபடியே இருந்தன. திறக்கச் சொன்னேன், திறக்கவில்லை. நர்ஸ் வெந்நீர் ஊற்றினாள். டாக்டர் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டார். அதற்கும் கேட்கவில்லை. கடைசியில் எஸ்தரை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.